சத்தத்துக்குப் பொறுப்பானவர்

குடிநீர் வாரியத்தின் அந்த அலுவலகத்தில் எதுவும் கெட்டுப்போவதில்லை. மூன்றாம் மாடிக்கு ஏறிப் பார்த்தால் உங்களுக்கு வேறு மாதிரித் தோன்றலாம். அங்கே கால் ஒடிந்த நாற்காலி ஒன்று சுவரில் சாய்ந்தபடி வேலை பார்க்கிறது. அச்சுப்பொறியின் முதுகில் ஓங்கித் தட்டினால்தான் தாள் வெளியே வருகிறது. ஒரு மின்விசிறி போட்டால் சுற்றாது, அணைத்த பிறகு கொஞ்ச நேரம் சுற்றும். ஆனால் இவை எதுவும் கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போனது என்று ஒருவர் வாய் திறந்து சொல்லாத வரைக்கும் ஒரு பொருள் நல்ல பொருள்தான். வாரியத்தின் கருவிகள் நலப் பிரிவு ஆண்டுதோறும் 'பழுதே இல்லாத அலுவலகம்' என்ற கேடயத்தை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் அடுக்கிக்கொண்டே வருவதற்கு இதுதான் காரணம். அந்த அலமாரியின் கதவு திறக்க வராது. அதுவும் கெட்டுப்போகவில்லை.

இந்த நிம்மதியைக் குலைத்தவர் மூன்றாம் மாடி எழுத்தர். குலைக்க வேண்டும் என்று செய்யவில்லை, பாவம். நல்லவராக இருந்து தொலைத்தார், அவ்வளவுதான்.

அவருக்கு மாற்றல் வந்திருந்தது. மனைவி வேறொரு ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸ். மகள் அம்மாவிடம் வளர்ந்தாள். இவர் இங்கே ஓர் ஒற்றை அறையில் சட்டை துவைத்து, சட்டை காயவைத்து, சட்டை தேய்த்துக் காலத்தை ஓட்டினார். மகள் நடக்கப் பழகியதைக்கூட அவர் போனில்தான் கேட்டார். "இப்ப எழுந்துட்டா, இப்ப நடக்கறா, இப்ப விழுந்துட்டா" என்று மனைவி பந்தாட்ட வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே வர, இவர் இந்தப் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு "சரி சரி" என்றார். எத்தனையோ விண்ணப்பங்களுக்குப் பிறகு இப்போதுதான் அந்த ஊர்க் கிளையில் ஜன்னலோரமாக ஒரு சீட் அவருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. மனைவி கூடுதலாக ஓர் அறை உள்ள வீடு பார்த்துக் குடியேறிவிட்டாள். மாதக் கடைசியில் இங்கே விடுவித்துவிட்டால் போதும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

பேசாமல் கிளம்பியிருக்கலாம். ஆனால் தன் இடத்துக்கு வருகிறவருக்கு எல்லாவற்றையும் நல்லபடியாக ஒப்படைக்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. மேசை இழுப்பறையைத் துடைத்தார். விசைப்பலகையைக் கவிழ்த்து, பழைய பிஸ்கட் தூளைக் கொட்டினார். எஞ்சியது மானிட்டர். அது சத்தம் போடும்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஒரு கொசு தொண்டை கட்டிக்கொண்டு பாடினால் எப்படி இருக்குமோ அப்படி, 'ஙீ' என்று திரைக்குப் பின்னாலிருந்து வரும். எழுத்தர் அதனோடு பல வருடம் குடும்பம் நடத்தியவர் என்பதால் அதன் குணம் அவருக்கு அத்துப்படி. கேபிளை மாற்றிப் பார்த்திருக்கிறார். பிளக்கை வேறு துளையில் செருகிப் பார்த்திருக்கிறார். செல்போனைத் தூர வைத்துப் பார்த்தார், பக்கவாட்டில் அறைந்தும் பார்த்தார். மீட்டர் அளவுகளைப் பதியும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால்தான் சத்தம் வரும். திரை கறுப்பாக இருந்தால் வராது. வெளிச்சத்தைக் குறைத்தால் சத்தமும் குறையும், ஆனால் எண்கள் தெரியாது. அப்படி ஒரு முறை மூன்றை எட்டாகப் படித்து, தனியாக வசிக்கும் ஒரு கிழவர் ஒரே மாதத்தில் ஒரு குளத்தையே குடித்துவிட்டதாகப் பதிந்துவிட்டார்.

"நலப் பிரிவுக்குச் சொல்லிட்டுப் போயிடலாம்னு பாக்கறேன்" என்றார் பக்கத்து சீட் அக்காவிடம்.

அக்கா அந்த மாடியில் எல்லோருக்கும் மூத்தவள். நாற்காலியைச் சுவரில் சாய்த்து வைத்து வேலை பார்ப்பவள் அவள்தான். "தம்பி, நீங்க போறவரு. போங்க."

"வர்றவரு பாவம் இல்லையாக்கா? காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இதைக் கேட்டா மண்டை காய்ஞ்சிடும்."

"உங்களுக்கு முன்னாடி இருந்தவரு உங்ககிட்ட சொல்லிட்டா போனாரு? அவர் பாட்டுக்கு நிம்மதியா பேரப்பிள்ளைகளோட இருக்காரு."

எழுத்தர் சிரித்துவிட்டுப் போனை எடுத்தார்.

"கருவிகள் நலப் பிரிவு. உங்கள் கருவியின் நலமே எங்கள் நலம். சொல்லுங்க சார்" என்றாள் ஒரு பெண்.

"என் மானிட்டர்லேர்ந்து ஒரு சத்தம் வருதும்மா."

"எந்த சத்தம் சார்? எங்ககிட்ட டிக் டிக், டப், கொர், இவ்வளவுதான் இருக்கு. இதுல எது?"

"இது எதுவும் இல்லையே. ஙீ-ன்னு வரும்."

"ஙீ எங்ககிட்ட இல்லை சார். டிக் டிக்-னு போட்டுக்கவா?"

"டிக் டிக்-னு வரலையேம்மா. 'பிற'ன்னு ஏதாவது இருக்குமே."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, வீட்டுப் பெரியவரிடம் சொல்வது போலச் சொன்னாள். "சார், 'பிற' போட்டா எங்க பிரிவுத் தலைவர் வரைக்கும் போகும். யோசிச்சுக்கோங்க."

யோசித்திருக்கலாம். ஆனால் இல்லாத டிக் டிக்கை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? எழுத்தர் 'பிற' என்றே போடச் சொன்னார்.

மறுநாள் டெக்னீஷியன் வந்தார். வந்ததும் பையிலிருந்து ஒரு சிவப்பு லேபிளை எடுத்து மானிட்டரின் நெற்றியில் ஒட்டினார். 'புகாரில் உள்ளது. அகற்றக் கூடாது' என்று அதில் அச்சிட்டிருந்தது. திரையின் மூலையில், மகள் எப்போதோ இங்கே வந்தபோது ஒட்டிவிட்டுப் போன மஞ்சள் நட்சத்திரம் ஒன்று இருந்தது. லேபிள் அதன் மேல் படாமல் ஒட்டும்படி எழுத்தர் கேட்டுக்கொண்டார். டெக்னீஷியன் தலையாட்டிவிட்டு, சுவரிலிருந்த ஸ்விட்சை அணைத்தார். திரை இருண்டது. குனிந்து, அதன் பின்பக்கம் காதை வைத்து, கண்ணை மூடிக் கேட்டார்.

"சத்தம் வரலையே சார்."

"ஆஃப் பண்ணிட்டீங்களே."

"ஆன்ல இருக்கற கருவியைப் பரிசோதிக்கக் கூடாது சார். பாதுகாப்பு விதி."

"நீங்க தொடவே வேண்டாம். தள்ளி நின்னு கேட்டா போதும்."

"கேக்கறதும் பரிசோதனைதானே சார்." டெக்னீஷியனுக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. "சரி, சத்தத்துக்கு ஒரு மாதிரி இருந்தா பதிவுக்கு நல்லது. நீங்களே போட்டுக் காட்டுங்க."

எழுத்தர் சுற்றுமுற்றும் பார்த்தார். மாடியே வேலையை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூச்சத்தோடு வாயைக் கொஞ்சமாகத் திறந்து 'ஙீ' என்றார். டெக்னீஷியன் செல்போனை அவர் மோவாய்க்குக் கீழே பிடித்தார். "இன்னும் கொஞ்சம் மூக்குலேர்ந்து வருமா?" எழுத்தர் மூக்கிலிருந்தும் போட்டுக் காட்டினார். அதிகாரபூர்வமான சத்தம் அவ்விதம் பதிவாயிற்று.

மாதக் கடைசி வந்தது. எழுத்தர் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, சவரம் செய்துகொண்டு, கிளை மேலாளர் முன்னால் போய் நின்றார். மேலாளர் நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் செய்ய மாட்டார். நல்லது செய்வதற்கும் மேலிடத்து அனுமதி வேண்டும் என்று நினைப்பவர்.

"உங்களை விடுவிக்க முடியாதே" என்றார் மேலாளர். "புகாரில் இருக்கற கருவிக்குப் புகார் சொன்னவர்தான் பொறுப்பாளர். அதை விட்டுட்டு நீங்க எப்படிப் போவீங்க?"

"அப்ப புகாரை வாபஸ் வாங்கிக்கறேன் சார்."

"வாங்கலாம். ஆனா வாபஸ் வாங்கினா சத்தமே இல்லைன்னு ஆயிடும். இல்லாத சத்தத்தைப் புகார் சொன்னா உங்க நன்னடத்தை போயிடும். நன்னடத்தை போனவருக்கு மாற்றல் கிடையாது."

"சத்தம் இருக்குன்னு நிரூபிச்சுட்டா?"

"அப்ப கெட்டுப்போன கருவிக்குப் பொறுப்பாளர் ஆயிடுவீங்க. அது இன்னும் மோசம்." மேலாளர் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "சத்தம் இருந்தும் இல்லாமலும் இருக்கற வரைக்கும்தான் உங்களுக்கு நல்லது. சத்தத்தைக் கேட்டு முடிவு பண்ண நலப் பிரிவுத் தலைவர் ஒரு கேட்புக் குழு போடுவார். அதுவரைக்கும் சீட்டுல உக்காருங்க."

எழுத்தர் திரும்பி வந்து உட்கார்ந்தார். வெள்ளைப் பக்கம் திறந்திருந்தது. 'ஙீ' என்றது மானிட்டர். அதன் மேல் அவருக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது.

அன்று சாயங்காலம் மனைவி போன் பண்ணினாள். "என்னங்க, பஸ் ஏறிட்டீங்களா?"

எழுத்தர் மென்று முழுங்கி விஷயத்தைச் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். "சத்தம் போடறது மானிட்டரு. உங்களை எதுக்குப் பிடிச்சு வெச்சிருக்காங்க?"

மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எப்பப்பா வருவே?"

"சத்தம் நின்னதும் வந்துடறேன்டா."

"என்ன சத்தம்? போட்டுக் காட்டு."

அவர் போட்டுக் காட்டினார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குப் பிறகு சாப்பாட்டு வேளையில் போன் பண்ணும்போதெல்லாம் அப்பா அந்தச் சத்தத்தைப் போட்டாக வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. அவளைச் சிரிக்கவைக்க அவர் கைவசம் இருந்தது அது ஒன்றுதான்.

கேட்புக் குழு உடனே கூடிவிடுமா? அதற்கு முன்னால் சாட்சி வேண்டும் என்றார்கள். எழுத்தர் அக்காவிடம் போனார்.

"எனக்கு நல்லாக் கேக்குது தம்பி" என்றாள் அக்கா. "ராத்திரி வீட்டுக்குப் போனாக்கூடக் காதுல கேக்குது. ஆனா எழுத்துல கேக்காது. என் தங்கச்சி பொண்ணுக்குப் பிரசவம். லீவு போடணும். என்னையும் பொறுப்பாளர் ஆக்கிட்டாங்கன்னா?"

அவளைக் குறை சொல்லவும் முடியாது. பொறுப்பாளர் கருவியை விட்டு அகலக் கூடாது என்பதால் எழுத்தர் கழிப்பறைக்குப் போவதே பெரும்பாடாக இருந்தது. "ஒரு நிமிஷம் பாத்துக்கோங்கக்கா" என்பார். பார்த்துக்கொண்டால் தானும் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து, அவர் திரும்பி வரும் வரைக்கும் அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மேலாளரோ, தனக்குப் பதவி உயர்வு வருகிற வரைக்கும் காது கேட்காது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

சாட்சி இல்லை என்றதும் நலப் பிரிவு எழுத்தரைக் காது மருத்துவரிடம் அனுப்பியது. மருத்துவர் இரண்டு காதிலும் விளக்கடித்துப் பார்த்து, மணி அடித்துப் பார்த்து, இப்படி ஒரு நல்ல காதைப் பார்த்து நாளாயிற்று என்று பாராட்டி அனுப்பினார். எழுத்தர் சந்தோஷமாகத் திரும்பினார். நலப் பிரிவு அதைப் படித்துவிட்டு, சராசரி ஊழியருக்குக் கேட்காதது இவருக்குக் கேட்பதாக முடிவுகட்டியது. வாரியம் மானிட்டர் வாங்கியது சராசரி ஊழியர்களுக்காகத்தானே.

இதற்கிடையில், அவர் இடத்துக்கு வர வேண்டியவர் வந்துவிட்டார். உட்கார இடமில்லை. அலுவலகத்தில் கால் சரியாக இருந்த ஒரே முக்காலியை எடுத்து எழுத்தரின் பக்கத்தில் போட்டுக் கொடுத்தார்கள். புதியவர் பரம சாது. காலையில் வந்து முக்காலியில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் எழுந்து போவார். சில நாள் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க எப்ப எழுந்திருப்பீங்க?"

எழுத்தர் நடந்ததையெல்லாம் சொன்னார். "உங்களுக்காகத்தான் சார் சொல்லப்போனேன். நீங்க வந்து இந்த சத்தத்துல கஷ்டப்படக் கூடாதேன்னு."

புதியவர் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டார். "இதுவா? இது பரவாயில்லையே சார். எங்க பழைய ஆபீஸ்ல இதைவிட மோசம். எனக்கு சத்தம் இருந்தாத்தான் வேலையே ஓடும்."

எழுத்தருக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்திச் சமாளித்தார்.

ஒருவழியாகக் கேட்புக் குழு மாடியேறி வந்தது. நலப் பிரிவுத் தலைவர் முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் உறுப்பினர்கள் இருவர், அவர்களுக்குப் பின்னால் டெக்னீஷியன். தலைவர் மூச்சு வாங்கினார், ஏனென்றால் மின்தூக்கி ஓடவில்லை. அது கெட்டுப்போகவில்லை, ஓய்வில் இருந்தது. அக்காவின் நாற்காலியை அவருக்குக் கொடுக்கலாமா என்று மேலாளர் யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்தார். தலைவர் நின்றுகொண்டே பேசினார்.

"நான் இந்தப் பிரிவுக்கு வந்த புதுசுல தினமும் பழுது, பழுதுன்னு போன் வரும். இப்ப வர்றதே இல்லை. எப்படி சாதிச்சோம்? கருவிகளைச் சரி பண்ணிட்டா? அதை யாரு வேணும்னாலும் பண்ணலாம். நாங்க புகார் சொல்ற மனசைச் சரி பண்ணோம். ஒரு தடவை எங்ககிட்ட வந்தவங்க மறுபடி வந்ததே இல்லை. அவ்வளவு திருப்தி."

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். தலைவர் மானிட்டரின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"மனுஷனுக்கு வாய் இருக்கு. கருவிக்கு யாரு இருக்கா? நாங்கதான் இருக்கோம். இந்த மானிட்டர் இத்தனை வருஷமா தினமும் உங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கு. அது ஒரு புகார் குடுத்திருக்கா?"

எழுத்தர் ஒப்புக்கொண்டார். கொடுத்ததில்லை.

"பாத்தீங்களா. சரி, ஆஃப் பண்ணுங்க, கேப்போம்."

டெக்னீஷியன் ஸ்விட்சை நோக்கிக் கையை நீட்டினார். அந்த நேரத்தில் எழுத்தருக்குள் ஏதோ ஒன்று அறுந்துவிட்டது. வாழ்க்கையில் யார் பேச்சையும் மீறாத அந்த மனிதர், சுவருக்கும் டெக்னீஷியனுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். ஒரு கையால் ஸ்விட்சை மூடிக்கொண்டு, மறு கையால் எட்டி வெள்ளைப் பக்கத்தைத் திறந்தார். திரை பளீரென்று வெளுத்தது. மானிட்டர் அவரைக் கைவிடவில்லை. அன்றைக்கென்று பார்த்து நல்ல தொண்டையோடு 'ஙீ' என்றது. ஓர் உறுப்பினர் தன்னையறியாமல் காதுக்குள் விரலை விட்டுக்கொண்டார்.

"கேட்டுச்சா சார்?" என்றார் எழுத்தர்.

தலைவர் நெற்றியைச் சுருக்கினார். "ஏதோ கேக்குது. பதிவுல இருக்கற சத்தத்தைப் போடுங்க, ஒத்துப் பாப்போம்."

டெக்னீஷியன் செல்போனை அழுத்தினார். எழுத்தரின் மூக்கிலிருந்து வந்த 'ஙீ' மாடி முழுக்க ஒலித்தது. ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் மானிட்டர். தலைவர் இரண்டையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டும் வேற வேற."

"அது நான் போட்டது சார். இதுதான் நிஜ சத்தம்."

"பதிவுல இருக்கறதுதான் நிஜம். அதோட ஒத்துப்போகலைன்னா மானிட்டர் தப்பாச் சத்தம் போடுதுன்னு அர்த்தம்." இதைச் சொல்லி முடித்ததும் தலைவருக்கே இது சரியான கருத்தாகப் பட்டது. உறுப்பினர்களைப் பார்த்தார். அவர்களுக்கும் சரியாகவே பட்டது. "ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிடுவோம்."

ஆய்வுக்கூடம் எந்த ஊரில் இருக்கிறது என்று மேலாளர் விசாரித்தார். தலைவர் சொன்னதைக் கேட்டு எழுத்தருக்குக் கால் தரையில் பாவவில்லை. அது மனைவியும் மகளும் இருக்கிற ஊர்.

"சார், நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன். நான்தானே பொறுப்பாளர். மடியில வெச்சுக் கொண்டுபோறேன்."

"கருவிக்குத்தான் பயணம். உங்களுக்கு இல்லை" என்றார் தலைவர் அன்பாக. "அது திரும்பி வரும்போது சீட்டுல ஆள் வேண்டாமா? நீங்க இங்கேயே இருங்க."

மானிட்டருக்குப் பஞ்சு வைத்துப் பெட்டி கட்டினார்கள். பெட்டிக்கு நாலு பக்கமும் 'கவனம்' என்று எழுதினார்கள். குலுங்காத வண்டிதான் வேண்டும் என்று தலைவர் போனில் கண்டிப்பாகச் சொன்னார். எழுத்தர் வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு, படியேறி வந்து, வெறும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் முக்காலியில் புதியவர். இருவருக்கும் செய்ய ஒன்றும் இல்லை. மானிட்டர் இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் இருந்தது.

"சத்தம் இல்லாம என்னவோ மாதிரி இருக்கு சார்" என்றார் புதியவர்.

இப்படியே வாரங்கள் போயின. ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. நலப் பிரிவுக்குப் போன் பண்ணினால், மானிட்டர் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றும், கவலைப்பட வேண்டாம் என்றும் அந்தப் பெண் ஆறுதல் சொன்னாள். இவருக்கு மானிட்டர் மேல்தான் பாசம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கட்டி வைத்த பெட்டியிலிருந்து எழுத்தர் ஒவ்வொரு சட்டையாக வெளியே எடுக்க ஆரம்பித்திருந்தார். கடைசிச் சட்டையை எடுத்த அன்று, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் மனைவி போன் பண்ணினாள். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"என்னங்க, இங்க உங்க கிளைக்குப் போய்ட்டு வந்தேன். சீட்டை எவ்வளவு நாள் காலியா வெச்சிருப்பாங்கன்னு கேக்கலாம்னு."

"என்ன சொன்னாங்க?"

"சீட் காலியா இல்லைங்க."

"யாரைப் போட்டுட்டாங்க?"

"உங்க மானிட்டரை." அவள் மூச்சை இழுத்து விட்டாள். "அதேதாங்க. மூலையில நம்ம பாப்பா ஒட்டின மஞ்சள் நட்சத்திரம் இருக்கு. ஆய்வுக்கூடத்துல பாத்தாங்களாம், சத்தமே இல்லையாம். நல்ல மானிட்டரை எதுக்குத் திருப்பி அனுப்பணும், இங்க ஒரு சீட் சும்மாத்தானே இருக்குன்னு போட்டுட்டாங்களாம். ஜன்னலோரம். நல்லாக் காத்து வருது."

"சத்தம் வரலையா?"

"எப்படி வரும்? ஆன் பண்ணவே இல்லை. வேலை பாக்க ஆள் வரணும்னு சொன்னாங்க. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காங்களாம்."

வருடக்கணக்கில் விண்ணப்பித்துக் காத்துக் கிடந்தது இவர். ஒரு விண்ணப்பமும் போடாமல் மாற்றல் வாங்கிக்கொண்டு போனது அது. போனில் மகளின் குரல் கேட்டது.

"அப்பா, உன் டிவி வந்துடுச்சு. நீ ஏன் வரலை?"

மானிட்டர் இருந்த சதுரத்தில் படிந்திருந்த தூசியை எழுத்தர் விரலால் துடைத்தார்.

அதே நேரத்தில் மாடியின் அந்தக் கோடியில் டெக்னீஷியன் சுவரில் காதை வைத்துக்கொண்டிருந்தார். சத்தம் மானிட்டரில் இல்லை என்று ஆய்வுக்கூடம் சொல்லிவிட்டதல்லவா? அப்படியானால் அது அலுவலகத்தில்தான் வேறெங்கோ இருக்கிறது, பிடித்துக்கொண்டு வா என்று தலைவர் அனுப்பியிருந்தார். செல்போனில் பதிவைப் போட்டுக் கேட்டு, காலையிலிருந்து அவர் அச்சுப்பொறி, மின்விசிறி, தண்ணீர்க் குழாய், மேலாளரின் மேசை என்று ஒவ்வொன்றாகக் காது வைத்துக்கொண்டே வந்தார். எதிலும் அந்தச் சத்தம் இல்லை.

"போட்டுக் காட்டுப்பா" என்றாள் மகள்.

"இப்ப வேண்டாம்டா."

"போடுப்பா. ஒரு தடவை."

அவர் கண்ணை மூடிக்கொண்டு, மூக்கிலிருந்து, 'ஙீ' என்றார். போனுக்குள் சிரிப்பு கலகலவென்று கொட்டியது.

டெக்னீஷியன் சட்டென்று நிமிர்ந்தார். மெதுவாக நடந்து வந்து எழுத்தரின் பின்னால் நின்றார். பதிவை மறுபடி போட்டுக் கேட்டார். இம்மியும் பிசகாமல் ஒத்துப்போயிற்று. தலைவருக்குப் போன் போட்டார்.

"கிடைச்சிடுச்சு சார். மூணாவது மாடிதான். எழுத்தர் சார்கிட்டேர்ந்துதான் வருது."

"ஆஃப் பண்ணிக் கேட்டீங்களா?" என்றார் தலைவர்.

"முடியலை சார். குழந்தை கூடப் பேசிக்கிட்டிருக்காரு."

"சரி, விதிப்படி பண்ணிடுங்க."

அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். புதியவர் முக்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். டெக்னீஷியன் பையைத் திறந்து ஒரு சிவப்பு லேபிளை எடுத்தார். எங்கே ஒட்டுவது என்று ஒரு கணம் தயங்கினார். பிறகு, "மன்னிச்சுக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டு, எழுத்தரின் சட்டைப்பைக்கு மேல் சுருக்கமில்லாமல் ஒட்டித் தடவிவிட்டார். புகாரில் உள்ளது. அகற்றக் கூடாது.

"இன்னொரு தடவைப்பா" என்றாள் மகள்.

எழுத்தர் டெக்னீஷியனைப் பார்த்தார். அவர் செல்போனை எழுத்தரின் மோவாய்க்குக் கீழே பிடித்திருந்தார்.

"போடுங்க சார். பாப்பா கேக்குதில்ல. நானும் பதிவு பண்ணிக்கறேன்."

எழுத்தர் போட்டார்.